சாவி யார் கையில்?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு ஃபோன் செய்தபோது, "ஹாஸ்டல் நினைவுகள் எழுதுங்க, இல்லாட்டி உங்க தொழில் சம்பந்தமா ஏதாவது எழுதுங்க. இப்ப படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கணும்" என்றார்கள். இந்த வருஷம் எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகப் போய்விட்டது. ஆகவே சேர்த்தே எழுதுகிறேன்.

1988-91 பி.எஸ்சி. இயற்பியல் பேட்ச்காரர்கள் யாருக்கும் ஹாஸ்டல் டி.வி. ரூம் மறந்திருக்காது. சுவரோரமாக ஒரு பெரிய மரப்பெட்டி, அதற்கு இரண்டு கதவுகள், ஒரு நாதாங்கி, ஒரு பித்தளைப் பூட்டு. உள்ளே கறுப்பு வெள்ளை டி.வி. சாவி டி.வி. செகரட்டரியிடம் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குத் திறப்பார், பத்து மணிக்குப் பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மகாபாரதத்துக்காக விசேஷத் திறப்பு. இந்தியில் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எண்பது பேர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்ப்போம். கதைதான் தெரியுமே!

1990-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி திறக்கவில்லை. அந்த வருஷ செகரட்டரி எங்கள் பேட்ச்காரன்தான். அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊருக்குப் போயிருந்தான். சாவி அவன் சட்டைப் பையிலேயே போய்விட்டது. பெட்டிக்குள்ளே குருக்ஷேத்திரம் நடக்கிறது, வெளியே எண்பது பேர் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கடைசியில் லேபிலிருந்து ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்து நாதாங்கியை மரத்தோடு கழற்றினோம். பூட்டு பூட்டினபடியே தொங்கிற்று. வார்டன் ஆளுக்கு இரண்டு ரூபாய் அபராதம் போட்டார். திங்கட்கிழமை வந்தவன் தொங்குகிற பூட்டைப் பார்த்துவிட்டு, "என்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னுதானேடா சாவியைக் குடுத்தீங்க? பத்திரமாத்தானே இருந்துச்சு?" என்றான். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அவன்தான் 2014-ல் எங்கள் பேட்சுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தவன். திசைக்கு ஒருவராகப் போயிருந்த அறுபது பேரைத் தேடித் தேடிச் சேர்த்தான். 2021 தேர்தல் சமயத்தில் குரூப்பில் கட்சிச் சண்டை முற்றி, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறியபோது, அவன் ஒரு ஏற்பாடு செய்தான். அட்மின் மட்டுமே எழுதலாம் என்ற சுவிட்சைப் போட்டு வைப்பான். ராத்திரி எட்டு மணிக்கு எல்லாருக்கும் திறப்பான், பத்து மணிக்குப் பூட்டுவான். பழைய செகரட்டரி புத்தி! நாங்களும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம். சண்டை நிஜமாகவே குறைந்தது.

2022 நவம்பரில் ஒரு ராத்திரி வழக்கம்போல் பத்து மணிக்குப் பூட்டினான். விடியற்காலை மாரடைப்பு.

குரூப்பில் அவன் ஒருவன்தான் அட்மின். அவன் போய்விட்ட செய்தியை, அவன் ஆரம்பித்த குரூப்பில் போட அறுபது பேரில் ஒருவராலும் முடியவில்லை. ஒருவரை ஒருவர் ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டோம். நம்பர் இல்லாத பத்துப் பதினைந்து பேருக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தம் சிலருக்கு இன்னும் ஆறவில்லை.

"நீ கம்ப்யூட்டர்காரன்தானே, ஏதாவது பண்ணேன்டா" என்று அத்தனை பேரும் என்னைக் கேட்டார்கள். நியாயம்தான். கம்ப்யூட்டரில் யாருக்கு என்ன அனுமதி, யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று பார்த்துக் கொடுப்பதுதான் முப்பது வருஷத்துக்குக் கிட்ட என் பிழைப்பு. ஆனால் இதில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏன் முடியாது என்று விளக்க ஆரம்பித்தால் ஐம்பது வருஷத்துக் கதையைச் சொல்லவேண்டும். ஃபோனில் அதைக் கேட்க யாருக்குப் பொறுமை? இங்கே மலரில் பக்கம் கொடுத்திருக்கிறார்கள், சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் வழியாகப் பலர் கூடிப் பேசும் அறை 1973-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கல்விக் கம்ப்யூட்டர் அமைப்பு இருந்தது. அதில் டக் பிரவுன், டேவிட் வூலி என்ற இருவர் டாக்கோமேடிக் என்று ஒன்றை எழுதினார்கள். ஆறு சேனல்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பேர் பேசலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம். பேசிக்கொண்டிருப்பவர்கள் விரும்பினால் சேனலை மூடிக்கொள்ளலாம். அப்புறம் வெளியார் எட்டிப் பார்க்க முடியாது. இதில் தலைவர் என்று ஒருவர் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பேசுகிறவர், பார்க்கிறவர் என்று இரண்டே வேஷம். ஐந்து பேர் உட்காரும் திண்ணைக்குத் தலைவர் எதற்கு?

அதன் பிறகு 1980-ல் கம்ப்யூசர்வ் கம்பெனியின் சி.பி. ஸிமுலேட்டர், 1985-ல் பிட்நெட் வலையில் ஜெஃப் கெல் எழுதிய ரிலே என்று சில வந்தன. அவற்றைத் தாண்டிப் போய்விடலாம். நம் கதைக்கு முக்கியமான ஊர் ஃபின்லாந்தில் இருக்கும் ஔலு.

ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் 1988 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை அமைப்பை எழுதினார். உலகம் முழுவதும் பரவியது அதுதான். ஆரம்பத்தில் சேனல்களுக்கு எண்கள்தான் இருந்தன. பின்னால்தான் # குறி போட்ட பெயர்கள் வந்தன. அந்தச் சேனல்களுக்கு 'ஆபரேட்டர்' என்ற அதிகாரியும் வந்தார். சுருக்கமாக 'ஆப்'. பெயருக்கு முன்னால் ஜிலேபி சுற்றின மாதிரி @ என்று ஒரு குறி இருந்தால் அவர் ஆப். இன்றைக்கு எல்லார் விலாசத்திலும் இருக்கிற அந்தக் குறியைப் பெயருக்கு முன்னால் வாங்குவதற்காக அன்று ராத்தூக்கம் கெட்டவர்கள் உண்டு. ஒருவரை வெளியே தள்ளுவது, மறுபடி வராமல் தடுப்பது, தலைப்பை மாற்றுவது, அழைத்தவர் மட்டும் வரலாம் என்று கதவைச் சாத்துவது, கடவுச்சொல் வைப்பது, இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டுவது எல்லாம் ஆப் கையில். 1993 மே மாதம் ஒய்காரினெனும் டாரென் ரீடும் எழுதிய ஆர்.எஃப்.சி. 1459 என்ற ஆவணத்தில் இவற்றுக்கு ஒவ்வோர் எழுத்தாகக் குறியீடு கொடுத்துப் பட்டியல் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சேனலை 'மாடரேட்டட்' என்று வைத்துவிட்டால் சாதாரண ஆட்கள் வாய் திறக்க முடியாது. எங்கள் வாட்ஸ்அப் சுவிட்சுக்கு இதுதான் பாட்டன். ஆனால் பாட்டனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஆப் யாருக்காவது 'வாய்ஸ்' கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் அவர் பேசலாம், ஆனால் யாரையும் வெளியே தள்ள முடியாது. பெயருக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி விழும். அதாவது அதிகாரம் இல்லாத பேச்சுரிமை என்று நடுவில் ஒரு படி. பேசும் உரிமையும் ஆளும் உரிமையும் வேறு வேறு என்பது 1993-லேயே எழுதிவைக்கப்பட்ட சங்கதி. எங்கள் குரூப்பில் அந்த நடுப்படி இல்லை. அட்மின் ஆனால் எல்லாம் உண்டு, இல்லாவிட்டால் பார்வையாளர். நாலு பேருக்கு வாய்ஸ் மட்டும் இருந்திருந்தால் அன்று காலையிலேயே செய்தி போயிருக்கும்.

சரி, ஆப் ஆவது எப்படி? இதுதான் வேடிக்கை. முதலில் வந்தவன் ஆப். இல்லாத சேனலின் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்தால் அந்த நிமிஷமே சேனல் பிறக்கிறது, நுழைந்தவன் ஆப் ஆகிறான். கடைசி ஆள் வெளியேறினால் சேனலே மறைந்துவிடுகிறது. சர்வருக்கு ஞாபகம் என்பதே கிடையாது. நேற்று யார் ஆப் என்று அதற்குத் தெரியாது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். அதிலும் துண்டுக்குச் சொந்தக்காரன் எழுந்து போனால் துண்டும் கூடவே போய்விடும்.

இதனால் ஒரு சங்கடம் வந்தது. இருபது பேர் இருக்கிற சேனலில் ஒரே ஆப். அவருடைய டெலிஃபோன் லைன் அறுந்துபோகிறது. மீதிப் பத்தொன்பது பேரும் இருப்பதால் சேனல் சாகவில்லை. ஆனால் ஆப் இல்லை. இனி யாரும் ஆப் ஆகவும் முடியாது, ஏனென்றால் ஆப்தான் இன்னொருவரை ஆப் ஆக்கலாம். அவர் திரும்பி வந்தாலும் சாதாரண ஆள்தான். இதற்கு ஒரே வைத்தியம், எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு வெளியேறி, சேனலைச் சாகவிட்டு, மறுபடி வருவது. பத்தொன்பது பேரில் ஒருவன் மெஷினைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் அதுவும் நடக்காது. எங்கள் பேட்ச் குரூப்பின் நிலைமை இதுவேதான். முப்பது வருஷத்துக்கு முந்தைய வியாதி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது.

இன்னொரு வியாதிக்கு நெட்ஸ்பிளிட் என்று பெயர். ஐ.ஆர்.சி. ஒரே கம்ப்யூட்டர் இல்லை. பல ஊர் சர்வர்கள் மரக்கிளை மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஓர் இணைப்பு அறுந்தால் வலை இரண்டாகும். அந்தப் பக்கத்தில் உங்கள் சேனலில் ஆளே இல்லையென்றால், புதிதாக ஒருவன் அங்கே நுழைந்து ஆப் ஆகிவிடுவான். இணைப்பு திரும்பி வந்ததும் இரண்டு பக்கத்து ஆப்களையும் சர்வர்கள் ஒப்புக்கொண்டன. கள்ளச்சாவிக்காரன் உள்ளே வந்த வேகத்தில் பழைய ஆப்கள் அத்தனை பேரின் ஜிலேபியையும் பிடுங்கிவிடுவான். இதற்கென்றே ராத்திரி முழுக்க வலை எப்போது அறுமென்று காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

எனக்கே நடந்தது. 1997-ல் சென்னையில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். நம் கல்லூரியிலிருந்து சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போயிருந்த பன்னிரண்டு பேர் சேர்ந்து கல்லூரிப் பெயரிலேயே ஒரு சேனல் வைத்திருந்தோம். ஒரு ராத்திரி வலை அறுந்து சேர்ந்தது. நாலு நிமிஷத்தில் எங்கள் சேனலிலிருந்து எங்களையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான் எவனோ ஒருவன். கெஞ்சிப் பார்த்தோம், மிரட்டிப் பார்த்தோம். கடைசியில் பெயருக்குப் பின்னால் ஒரு 2 போட்டு வேறு சேனல் ஆரம்பித்தோம். பாதிப் பேருக்கு அந்த 2 தெரியாமலே போயிற்று. அவர்களில் மூன்று பேரைப் பல வருஷம் கழித்துத்தான் திரும்பப் பிடித்தோம்.

இந்தத் தொல்லைகளுக்கு ஆளுக்கொரு மருந்து கண்டுபிடித்தார்கள். ஒன்று, தூங்காத வேலைக்காரன். ராபி பாயிண்டர் 1993 டிசம்பரில் எழுதிய எக்டிராப் என்ற புரோகிராம் சேனலில் எந்நேரமும் ஆப் ஆகவே உட்கார்ந்திருக்கும். நம்பிக்கையான ஆட்களின் பட்டியலைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டு, அவர்கள் வந்தால் ஜிலேபி கொடுக்கும். சர்வருக்கு இல்லாத ஞாபகத்தை ஒரு பொம்மை சுமந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டாவது மருந்தைச் சர்வர்காரர்களே கொடுத்தார்கள். 1992-ல் பிரிந்து வந்த அண்டர்நெட்டில் எக்ஸ் என்ற பாட் சேனலைப் பதிவு செய்து காத்தது. பதிவு வேண்டுமென்றால் பத்துப் பேர் ஆதரவாளர்களாக முன்வர வேண்டியிருந்தது. நம் கூட்டுறவுச் சங்கம் மாதிரி! அதில் ஆட்களுக்கு 1 முதல் 500 வரை படிநிலை எண். 500 என்றால் மேனேஜர். தனக்குச் சமமானவரையோ மேலானவரையோ யாரும் தொட முடியாது. 1994-ல் வந்த டால்நெட்டில் பெயர்களைக் காக்க நிக்சர்வ், சேனல்களைக் காக்க சான்சர்வ். சேனலை ஆரம்பித்தவர் ஃபவுண்டர், அவருக்குக் கீழே இரண்டு தட்டு ஆப்கள். குறிப்பிட்ட நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் பதிவு காலாவதி ஆகிவிடும். சொத்துக்கு வாரிசு இல்லாமல் போனால் சர்க்கார் எடுத்துக்கொள்வது போல. இந்த விதியை அந்தக் காலத்தில் எல்லாரும் திட்டினோம், நானும் திட்டியிருக்கிறேன். 2022 நவம்பரில்தான் அதன் அருமை புரிந்தது.

மூன்றாவது மருந்து விஷயத்தில் வலையே இரண்டாகப் போயிற்று. அறுந்த வலை திரும்பச் சேரும்போது எந்தப் பக்கத்துச் சேனல் பழையதோ அந்தப் பக்கத்து ஆப்தான் செல்லுபடி என்று நேரமுத்திரை வைத்துத் தீர்ப்பது ஒரு முறை. வலை அறுந்தவுடன் அந்தச் சேனல் பெயரைக் கொஞ்ச நேரத்துக்கு யாரும் புதிதாகத் திறக்க முடியாமல் பூட்டி வைப்பது இன்னொரு முறை. இந்தச் சண்டை பெரிதாகி 1996-ல் எஃப்நெட்டும் ஐ.ஆர்.சி.நெட்டும் தனித்தனியாகப் பிரிந்தன. அதற்கு முன் 1990-லேயே, எந்த சர்வர் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று பெர்க்லியில் ஈரிஸ் என்ற ஒரு மெஷின் கதவைத் திறந்து வைத்ததற்காக ஒரு பிரிவினை நடந்திருக்கிறது. எஃப்நெட் என்ற பெயரே 'ஈரிஸ் இல்லாத வலை' என்பதன் சுருக்கம்தான்.

இதெல்லாம் ராத்திரி அரட்டைக்காரர்களின் சண்டை. இதே சமயத்தில் வேட்டி கட்டிய பெரியவர்கள், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர்கள், வேறு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். எம்.சி.ஏ. லேபில் யூனிக்ஸ் படித்தவர்களுக்கு ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரம் இருப்பது ஞாபகம் இருக்கும். எது வேலை செய்யாவிட்டாலும் 777 என்று அடித்து ஊருக்கே கதவைத் திறந்து வைத்த பாவிகளில் நானும் ஒருவன். வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அதிகாரம்தான் கொடுக்கவேண்டும் என்று சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதியிருந்தார்கள். 1992-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் ஒரு கட்டுரை வாசித்தார்கள். அதன் சாரம் இதுதான்: அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, பதவிக்குக் கொடு. ஆளை அந்தப் பதவியில் உட்காரவை. ஆள் மாறினால் நாற்காலி மாறாது. 2004-ல் இது அமெரிக்கத் தரமாகவே ஆயிற்று. கேட்டால் 'இதென்ன பிரமாதம், தாலுகா ஆபீசில் இல்லாததா?' என்று தோன்றும். தோன்றத்தான் வேண்டும். தாசில்தார் மாற்றலாகிப் போனால் புது தாசில்தார் வந்து கையெழுத்துப் போடுகிறார். ஆபீஸைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கம்ப்யூட்டர் உலகம் அந்த இடத்துக்கு வருவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது.

அப்புறம் வந்த கதை இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு வீடியோ கேம் எழுதிக்கொண்டிருந்த கம்பெனி, அந்த விளையாட்டு ஓடாமல் போனபின், தன் ஆட்கள் பேசிக்கொள்ள ஐ.ஆர்.சி.யை ஒட்டிச் செய்துவைத்திருந்த கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2014-ல் வெளியான ஸ்லாக் அதுதான். அதில் முதன்மை உரிமையாளர் என்று ஒரே ஒருவர். அவருக்குக் கீழே உரிமையாளர்கள், அட்மின்கள், உறுப்பினர்கள், ஒரே ஒரு சேனலை மட்டும் பார்க்கிற விருந்தாளி வரைக்கும் படிகள். முதன்மை உரிமையாளர் தன் இடத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அவர்தான் கொடுக்கவேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் இதை அவர் ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகுதான் கவனிக்கின்றன. நான் பார்த்த ஓர் ஆபீசில், போய்விட்ட ஒருவரை ஒரு கையெழுத்துக்காக ஆறு வாரம் துரத்தினார்கள்.

2015-ல் வந்த டிஸ்கார்டு இன்னும் நுணுக்கம். உங்கள் கல்லூரி கிளப்புகள் அதில்தான் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன், அதனால் ஒரு வார்த்தை. அங்கே பதவிகளை நீங்களே உண்டாக்கலாம். ஒருவருக்கு நாலு பதவி இருந்தால் நாலிலும் உள்ள அனுமதிகள் கூட்டப்படும். அதற்கு மேல் ஒவ்வொரு சேனலிலும் தனி விலக்குகள். முதலில் 'எல்லாரும்' என்ற பொது விதி, அடுத்து பதவிக்கான தடையும் அனுமதியும், கடைசியில் தனி ஆளுக்கானது. பின்னால் வருவது முன்னால் வந்ததை வெல்லும். இரண்டு பதவிகளில் ஒன்று தடுத்து இன்னொன்று அனுமதித்தால் அனுமதிதான் ஜெயிக்கும். இது தெரியாமல் 'ஒருத்தனைத் தடுத்தேன், இன்னும் எழுதுறானே' என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய. அட்மினிஸ்டிரேட்டர் என்ற ஒரு அனுமதி மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் தாண்டிப் போய்விடும். அதைச் சிநேகிதத்துக்காக யாருக்கும் கொடுக்காதீர்கள். கிளப் செகரட்டரி கோர்ஸ் முடித்துப் போகிற மே மாதம் வரும்போது, சர்வர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் சாவிக்கு மேலே இன்னொரு சாவி உண்டு என்பதை 2021-ல் ஃப்ரீநோட் காட்டியது. இலவச மென்பொருள் திட்டங்கள் கூடிப் பேசிய பெரிய ஐ.ஆர்.சி. வலை அது. அங்கே ஒற்றை # போட்ட பெயர் அந்தந்தத் திட்டத்துக்குச் சொந்தம், இரட்டை ## போட்டது பொதுவான பேச்சுக்கு என்று அழகான மரபெல்லாம் வைத்திருந்தார்கள். ஆனால் வலை யாருக்குச் சொந்தம் என்பதில் தகராறு. 2021 மே 19-ல் அதை நடத்திய தொண்டர்கள் கூட்டமாக ராஜினாமா செய்து லிபெரா சாட் என்ற புது வலை தொடங்கினார்கள். அந்தப் புது விலாசத்தைத் தலைப்பில் எழுதிவைத்த சேனல்களை அதே மாதக் கடைசியில் ஃப்ரீநோட் நிர்வாகம் நூற்றுக்கணக்கில் தன்வசம் எடுத்துக்கொண்டது. உபுண்டுவும் விக்கிமீடியாவும் மூட்டை கட்டி லிபெராவுக்குப் போயின. சேனலுக்கு யார் ஆப் என்ற கேள்வி, சேனல் நிற்கும் தரை யாருடையது என்ற கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

நம் கைக்குள் இருக்கும் வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். அதன் குரூப்புகள் 2011-ல் வந்தன. 2018 மே மாதம், குரூப்பை ஆரம்பித்தவரை மற்ற அட்மின்கள் நீக்க முடியாது என்று விதி வந்தது. அடுத்த மாதமே 'அட்மின்கள் மட்டும் எழுதலாம்' என்ற சுவிட்ச். மற்றவர்கள் போட்டதை எல்லார் ஃபோனிலிருந்தும் அழிக்கிற அதிகாரம் அட்மினுக்கு 2022-ல் கிடைத்தது. ஒரே அட்மின் குரூப்பைவிட்டு வெளியேறினால், மீதி ஆட்களில் யாராவது ஒருவர் தானாக அட்மின் ஆவார். ஐ.ஆர்.சி.யின் பழைய வியாதிக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து இது. நல்ல மருந்துதான். ஆனால் வெளியேறுவது வேறு, இறந்துபோவது வேறு. இறந்தவர் வெளியேறுவதில்லை.

அட்மின் என்றால் பொறுப்பும் உண்டா என்று நம் கோர்ட்டுகள் வரை கேள்வி போயிருக்கிறது. ஓர் உறுப்பினர் போட்ட தவறான செய்திக்கு, கூட்டு நோக்கம் இருந்ததாகக் காட்டாமல், அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-ல் சொன்னது. ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் அவர் அதிகாரம், வருகிற செய்தியை முன்கூட்டியே தடுக்கும் வசதி அவருக்கு இல்லை என்பது அதன் வாதம். கரூர் வக்கீல்கள் குரூப் ஒன்றின் வழக்கில் அதே வருஷம் டிசம்பரில் மதுரைக் கிளையும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் அதே வழியில் போயின. சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அழிக்கும் அதிகாரம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதிகாரம் கூடக் கூட, பொறுப்புப் பற்றிய கேள்வி மறுபடி கதவைத் தட்டத்தான் செய்யும்.

எங்கள் குரூப் பதினெட்டு நாட்கள் ஊமையாகக் கிடந்தது. இதற்குள் சிலர் அவசரப்பட்டுப் புது குரூப் ஆரம்பித்தார்கள். இருபத்தேழு பேர் அதற்குப் போனார்கள். "அவன் சேத்த குரூப்பை விட்டுட்டு வரமாட்டேன்" என்று மற்றவர்கள் நின்றார்கள். 1997-ல் பட்ட அடி எனக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் பேசி, காரியம் முடிகிற வரை பொறுக்கச் சொன்னேன். திறந்தால் யாரை அட்மின் ஆக்குவது என்பதில் வேறு வாக்குவாதம். ஆளைப் பார்க்கவேண்டாம், முன்னாள் மாணவர் சங்கத்தில் நம் பேட்ச் பிரதிநிதி எவரோ அவர், பொருளாளர், ரீயூனியன் நடத்தும் ஊர்க்காரர் ஆகிய மூவரும் என்று முடிவாயிற்று. பதவி மாறினால் அட்மினும் மாற வேண்டும். எழுதிக் கையெழுத்தே போட்டோம். எனக்கு எந்தப் பதவியும் இல்லை, ஆகவே அட்மினும் இல்லை. எழுதியவனே அதை மீற முடியாதே!

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாளும் விட்டு, அதற்கடுத்த நாள் நாலு பேர் அவன் வீட்டுக்குப் போனோம். கேட்கவே கூச்சமாக இருந்தது. அவன் மனைவி எழுந்துபோய் பீரோவிலிருந்து ஃபோனை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தார். மகளுக்கு பேட்டர்ன் தெரிந்திருந்தது. சார்ஜ் போட்டுத் திறந்ததும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பூட்டிய குரூப்பில் எழுத முடியாதவர்களுக்கு, வேண்டுமானால் அட்மினுக்குத் தனியாக எழுதலாம் என்று திரை வழிகாட்டும். வேறு வழி தெரியாமல் முப்பது பேருக்கு மேல் அவனுக்கே எழுதியிருந்தார்கள். போய் வாடா என்று. இரண்டு ரூபாய் அபராதம் நான் தர்றேன்டா, பூட்டைத் திற என்று ஒருவன் எழுதியிருந்தான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் மூன்று பெயர்களையும் அட்மின் ஆக்கினாள். பிறகு எல்லாரும் எழுதலாம் என்று சுவிட்சை மாற்றினாள். மணி அப்போது காலை பதினொன்று.

ஃபோனை மேஜைமேல் வைத்தோம். அது அதிர்ந்து அதிர்ந்து மேஜையில் நகர ஆரம்பித்தது. காப்பி வந்தது, குடித்தோம். ரீயூனியன் தேதியைப் பற்றி அவன் மனைவி கேட்டார், சொன்னோம். கிளம்பலாம் என்று எழுந்தபோது மகள் ஃபோனைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இன்னும் வந்துக்கிட்டே இருக்கு" என்றாள்.